கர்லிங் தகுதிப் போட்டி பற்றிய செய்திக்கு ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கனடாவின் கெலோனா நகரில் 2025 டிசம்பரில் நடந்து முடிந்த கர்லிங் ஒலிம்பிக் தகுதிப் போட்டியைப் பற்றித் தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில், கீழ் மூலையில், ஆறு வரிச் செய்தி ஒன்று வந்திருந்தது. அதை வெளியிட்டதற்கு முதலில் என் நன்றி. தமிழ் நாளிதழ்களில் இந்த ஆட்டத்தின் பெயரை ஆண்டுக்கு ஒரு முறை பார்ப்பதே அபூர்வம். ஆனால் அந்த ஆறு வரிக்குள் மூன்று பிழைகள் இருந்தன. செய்தி 'பனிச்சறுக்கு' என்ற தலைப்பின் கீழ் அச்சாகியிருந்தது. கர்லிங் 'கல்லை உருட்டும் விளையாட்டு' என்று விளக்கப்பட்டிருந்தது. அந்தத் தகுதிப் போட்டி 'தோற்றுப்போன அணிகளுக்கான ஆறுதல் வாய்ப்பு' என்று எழுதப்பட்டிருந்தது. முதல் இரண்டையும் சொற்பிழை என்று விட்டுவிடலாம். மூன்றாவது, போட்டியின் தன்மையையே வாசகருக்குத் தலைகீழாகக் காட்டுவதால் இக்கடிதத்தை எழுத நேர்ந்தது.

சொற்பிழைகளை முதலில் முடித்துவிடுகிறேன். ஸ்கேட்டிங், ஸ்கீயிங் இரண்டையுமே நாம் பனிச்சறுக்கு என்றுதான் சொல்லிப் பழகிவிட்டோம். அந்த மூட்டையில் கர்லிங்கையும் சேர்த்துக் கட்ட வேண்டாம். கர்லிங்கில் சறுக்கிச் செல்வது ஏறத்தாழ இருபது கிலோ எடையுள்ள கிரானைட் கல். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள எய்ல்சா கிரெய்க் என்ற சிறு தீவின் பாறையிலிருந்துதான் ஒலிம்பிக்குக்கான கற்கள் செய்யப்படுகின்றன. அந்தக் கல் உருளுவதில்லை; வழுக்கிக்கொண்டு போகிறது, போகும்போதே மெல்லச் சுழல்கிறது, அந்தச் சுழற்சியால் பாதை வளைகிறது. எதிர்முனையில் வரைந்திருக்கும் வட்டத்தின் நடுப்புள்ளிக்கு யாருடைய கல் அருகில் நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. கேரம் ஆடியவர்களுக்கு இதில் பாதி ஆட்டம் ஏற்கெனவே தெரியும்: எதிராளியின் காயைத் தட்டிவிடுவது, தன் காயை மறைத்து வைப்பது, கடைசி அடி யாருக்கு என்று முன்கூட்டியே கணக்குப் போடுவது எல்லாம் அங்கும் உண்டு.

நான் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். மகள் குடும்பம் கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் இருப்பதால் இரண்டு குளிர்காலங்களை அங்கே கழித்தேன். வீட்டுக்கு அருகில் இருந்த ஒரு சிறு கர்லிங் கிளப்பில் என் பேத்தி ஆடுவதை வாரந்தோறும் பார்த்தேன். முதல் நாள் என்னை வியப்பில் ஆழ்த்தியவர் ஆட்டக்காரர் அல்லர். ஆட்டம் தொடங்குவதற்கு முன், வயலில் மருந்தடிப்பவரைப் போல முதுகில் ஒரு தண்ணீர் டப்பாவைக் கட்டிக்கொண்டு, கையிலிருந்த குழாயை இடமும் வலமுமாக ஆட்டியபடி ஒருவர் பின்னோக்கி நடந்து பனித்தளம் முழுவதும் நீர்த்துளி தூவினார். துளிகள் விழுந்த இடத்திலேயே உறைந்து, தளம் கொப்புளம் கொப்புளமாக ஆயிற்று. கல்லின் அடிப்பாகம் குழிவாக இருப்பதால் ஒரு மெல்லிய வளையம் மட்டுமே அந்தக் கொப்புளங்களின் தலையைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. நாம் கேரம் பலகையில் பவுடர் தூவுவதற்கு என்ன காரணமோ அதே காரணம்தான். வழவழப்பான ஸ்கேட்டிங் தளத்தில் இந்தக் கல் பாதி தூரம்கூடப் போகாது என்று அவர் சொன்னார். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆஸ்திரேலியாவைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

இனி மூன்றாவது பிழைக்கு வருகிறேன். ஒலிம்பிக்கில் ஆடவர், மகளிர், கலப்பு இரட்டையர் என்ற மூன்று பிரிவிலும் பத்துப் பத்து அணிகளுக்குத்தான் இடம். 2026 மிலான்–கோர்டினா ஒலிம்பிக்கைப் பொறுத்தவரை, போட்டியை நடத்தும் இத்தாலிக்கு ஓர் இடம். 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளின் உலக சாம்பியன்ஷிப்களில் சேர்த்த புள்ளிகளின்படி ஏழு இடம். மீதி இரண்டு இடங்களுக்குத்தான் கெலோனாவில் போட்டி. அங்கிருந்து ஆடவரில் அமெரிக்காவும் சீனாவும், மகளிரில் ஜப்பானும் அமெரிக்காவும், கலப்பு இரட்டையரில் ஸ்வீடனும் தென் கொரியாவும் தேறியிருக்கின்றன. இந்த வரிசையைப் பார்த்த பிறகும் இதை ஆறுதல் போட்டி என்று அழைக்க மனம் வருமா? ஆடவர் பிரிவில் 2018-இல் தங்கம் வென்ற நாடு அமெரிக்கா. கர்லிங்கில் ஸ்வீடனின் இடம் எது என்பது இந்த ஆட்டத்தைக் கொஞ்சம் கவனித்தவர்களுக்கும் தெரியும்.

ஆனாலும் என் வாதத்துக்கு முழு பலம் தருவது கெலோனா அல்ல, அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 2021 டிசம்பரில், நெதர்லாந்தின் லீவார்டன் நகரில் நடந்த தகுதிப் போட்டி. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்குக்கான கடைசி வாசல் அது. மகளிர் பிரிவில் மிச்சமிருந்தவை மூன்று இடங்கள். அவற்றைப் பெற்றவை பிரிட்டன், ஜப்பான், தென் கொரியா. இந்த மூன்று பெயரையும் 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கின் முடிவுப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே தென் கொரியா வெள்ளி, ஜப்பான் வெண்கலம், பிரிட்டன் நான்காம் இடம். தங்கம் வென்ற ஸ்வீடனைத் தவிர, முதல் நான்கில் மூன்று அணிகள் அடுத்த ஒலிம்பிக்குக்கு லீவார்டன் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. அதற்கு அடுத்தது இன்னும் சுவையானது: பெய்ஜிங் மகளிர் இறுதி ஆட்டத்தில் மோதியவை பிரிட்டனும் ஜப்பானும். தங்கமும் வெள்ளியும் 'ஆறுதல்' போட்டியிலிருந்து வந்த அணிகளுக்கே போயின.

அவர்கள் ஏன் அங்கே போய் நின்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வழக்கமாக இரண்டு ஆண்டுப் புள்ளிகளைக் கூட்டிப் பார்ப்பார்கள். 2020-ஆம் ஆண்டு உலக சாம்பியன்ஷிப்கள் கொரோனாவால் ரத்தாகிவிட்டதால், 2021-இல் நடந்த ஒரே ஒரு சாம்பியன்ஷிப்பை மட்டும் கணக்கில் கொண்டு, அதில் முதல் ஆறு இடங்களைப் பிடித்த அணிகளுக்கு நேரடி இடம் என்று முடிவாயிற்று. இரண்டு பரீட்சைகளின் சராசரிக்குப் பதிலாக ஒரே பரீட்சை. கால்கேரியில், பார்வையாளர் இல்லாத அரங்கில் நடந்த அந்தச் சாம்பியன்ஷிப்பில் தென் கொரியா ஏழாவது, ஸ்காட்லாந்து எட்டாவது, ஜப்பான் பதினொன்றாவது. (உலக சாம்பியன்ஷிப்பில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் வேல்ஸும் தனித்தனி அணிகள், ஒலிம்பிக்கில் மட்டும் பிரிட்டன் என்ற ஒரே அணி, அதற்கான இடத்தை ஸ்காட்லாந்தின் முடிவுகள்தான் பெற்றுத் தருகின்றன. பிரிட்டனுக்குப் பதில் ஸ்காட்லாந்து தேறியது என்று செய்தி எழுதும் குழப்பம் இதனால்தான் நேர்கிறது.) நாற்பது ஆண்டு வகுப்பறையில் நின்ற எனக்கு இது புதிதல்ல. மார்ச்சில் காய்ச்சலோடு எழுதிக் கோட்டைவிட்டு, ஜூனில் துணைத் தேர்வு எழுதித் தேறிய பிள்ளையை யாரும் மட்டமாக எடைபோட நான் விட்டதில்லை.

பிரிட்டன் அணியின் தலைவி ஈவ் மியூர்ஹெட், 2014-இல் வெண்கலம் வென்றவர். 2018-இல் ஜப்பானுக்கு எதிரான வெண்கல ஆட்டத்தில் கடைசிக் கல் கைகொடுக்காமல் வெறுங்கையோடு திரும்பியவர். அவருடைய அணியில் ஆடிய விக்கி ரைட் தொழிலால் செவிலியர். 2021 நவம்பரில் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பை வென்றுவிட்டு, அடுத்த மாதமே ஒலிம்பிக்குக்குள் நுழைய அனுமதி கேட்டு லீவார்டனில் நின்றார்கள். ஐரோப்பாவின் நடப்பு சாம்பியனைத் 'தோற்றுப்போன அணி' என்று சொல்ல எந்த அகராதி இடம் தரும்?

பெய்ஜிங்கிலும் அவர்கள் பாதை எளிதாக இருக்கவில்லை. லீக் சுற்று முடிந்தபோது பிரிட்டன், ஜப்பான், கனடா மூன்றும் ஐந்து வெற்றி, நான்கு தோல்வி என்று சமமாக நின்றன; அரையிறுதியில் மிச்சமிருந்தது இரண்டு இடம். மூவரும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களிலும் ஆளுக்கு ஒரு வெற்றி, ஒரு தோல்வி. இங்கேதான் கர்லிங்கின் ஒரு விசித்திரமான விதி வருகிறது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் ஒவ்வோர் அணியிலும் இருவர் ஆளுக்கு ஒரு கல்லை, எதிராளியே இல்லாமல், வட்டத்தின் நடுப்புள்ளியை நோக்கி விடுவார்கள். நடுப்புள்ளியிலிருந்து கல் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதைச் சென்டிமீட்டரில் அளந்து குறித்துக்கொள்வார்கள். அன்றைய ஆட்டத்தின் முதல் சுற்றில் கடைசிக் கல் யாருக்கு என்பதை முடிவு செய்வது அந்த அளவு. தொடர் முழுவதும் எடுத்த அளவுகளின் சராசரிதான் சமநிலை வந்தால் தீர்ப்பும் சொல்கிறது. பெய்ஜிங்கில் அந்தச் சராசரியில் பிரிட்டனும் ஜப்பானும் முந்தின, கனடா வெளியேறியது. வித்தியாசம் ஒரு சாண்கூட இல்லை. தங்கள் கடைசி லீக் ஆட்டத்தில் ஸ்விட்சர்லாந்திடம் தோற்ற ஜப்பான் வீராங்கனைகள் எல்லாம் முடிந்துவிட்டது என்று அழுதுகொண்டிருந்தார்கள். அரையிறுதிக்குத் தேறிவிட்டோம் என்ற தகவல் பிறகுதான் அவர்களுக்கு வந்து சேர்ந்தது. அணித் தலைவி சாத்சுகி ஃபுஜிசாவா அதற்கும் அழுதார்.

என் பேத்தியின் கிளப்பிலும் இப்படி அளப்பதுண்டு. கல் நின்றதும் எல்லோரும் விலகிக்கொள்ள, நடுப்புள்ளியில் இருக்கும் சிறு துளையில் அளவுகோலின் ஒரு முனையைப் பொருத்தி, மறுமுனையை மெல்லச் சுழற்றிக் கல்லைத் தொடும்வரை கொண்டுவருவார்கள். பத்து வயதுக் குழந்தைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த எண்ணைப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு முறை அவள் கல் நடுப்புள்ளியிலேயே போய் உட்கார்ந்தது. அன்று ஆட்டத்தில் தோற்றதை அவள் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

பெய்ஜிங் அரையிறுதியில் பிரிட்டன் ஸ்வீடனைக் கூடுதல் சுற்றில் 12–11 என்று வென்றது. ஜப்பான் ஸ்விட்சர்லாந்தை 8–6 என்று வென்றது. இறுதி ஆட்டம் மட்டும் ஒருதலைப்பட்சமாக, பிரிட்டனுக்கு 10–3 என்று முடிந்தது. நேரடியாக இடம் பெற்றிருந்த இரு வலிய அணிகளும் கடைசி வாசல் வழியாக வந்த அணிகளிடம்தான் தோற்றன.

கலப்பு இரட்டையரிலும் சொல்ல ஒரு கதை உண்டு. லீவார்டனில் தேறிய இரண்டு நாடுகள் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும். ஆஸ்திரேலியாவின் டாலி கில், டீன் ஹெவிட் இருவரும் தங்கள் நாட்டின் முதல் கர்லிங் ஒலிம்பியன்கள். அவர்கள் தேறிய காலத்தில் ஆஸ்திரேலியாவில் கர்லிங்குக்கென்று தனிப் பனித்தளம் ஒன்றுகூடக் கிடையாது. ஸ்கேட்டிங் தளங்களில் கிடைத்த நேரத்தில் கல் விட்டுப் பழக வேண்டிய நிலை. மேலே சொன்ன நீர்த்துளிக் கொப்புளங்களை நினைத்துப் பார்த்தால் அதன் அருமை புரியும். கேரம் பலகை கிடைக்காமல் சிமெண்ட் திண்ணையில் காய் அடித்துப் பழகிய ஒருவன் மாநிலப் போட்டிக்குத் தேர்வானதற்குச் சமம் அது. பெய்ஜிங்கில் முதல் ஏழு ஆட்டங்களிலும் தோற்றார்கள். டாலி கில்லுக்குக் கொரோனாப் பரிசோதனையில் சிக்கல் வந்து, போட்டியிலிருந்து விலகுவதாக அறிவிப்பும் வந்துவிட்டது. கடைசி நேரத்தில் அனுமதி கிடைத்ததும் அரங்குக்கு ஓடிப்போய், ஸ்விட்சர்லாந்தை வென்றார்கள். அதே நாளில் கனடாவையும் வென்றார்கள். 2018-இல் இதே பிரிவில் தங்கம் வென்ற கனடா பெய்ஜிங்கில் அரையிறுதியைக்கூட எட்டவில்லை.

இன்னொரு நுணுக்கத்தையும் விளையாட்டுச் செய்தியாளர்கள் கவனிக்க வேண்டும். கர்லிங்கில் தகுதி பெறுவது நாடு. ஆடப் போகும் அணி எது என்பதைப் பல நாடுகள் உள்நாட்டுத் தேர்வுப் போட்டி வைத்துத் தனியாக முடிவு செய்கின்றன. உழுதவர் ஒருவர், அறுப்பவர் வேறொருவர் என்ற நிலை சாதாரணமாக ஏற்படும். 2021 கால்கேரி சாம்பியன்ஷிப்பில் தொடக்கத்தில் தோல்வி மேல் தோல்வி கண்டு, பிறகு தட்டுத்தடுமாறி ஆறாம் இடத்துக்கு வந்து கனடாவுக்கு மகளிர் இடத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது கெரி எய்னர்சன் அணி. உள்நாட்டுத் தேர்வில் வென்று பெய்ஜிங் சென்றது ஜெனிஃபர் ஜோன்ஸ் அணி. அமெரிக்க ஆடவர் விஷயத்தில் வரிசை தலைகீழ். 2018 தங்க அணியின் தலைவர் ஜான் ஷஸ்டரை உள்நாட்டுத் தேர்வில் இளைஞர் டேனி காஸ்பரின் அணி தோற்கடித்தது. ஆனால் நாட்டுக்கே அப்போது ஒலிம்பிக் இடம் இல்லாததால், அவர்கள் வென்றது கெலோனாவுக்குப் போகும் உரிமையை மட்டுமே. அங்கும் வென்ற பிறகுதான் அவர்கள் ஒலிம்பிக் வீரர்கள் ஆனார்கள். 'அமெரிக்கா தகுதி' என்ற இரண்டே சொற்களில் செய்தியை முடித்துவிட்டால் இவ்வளவும் காணாமல் போகிறது.

இந்த முறையில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. உலக சாம்பியன்ஷிப்பில் பதின்மூன்று அணிகள் ஆடும்போது ஒலிம்பிக்கில் பத்து அணிக்கு மேல் இடமில்லை என்பது எனக்கு உடன்பாடில்லாத விஷயம். தகுதிப் போட்டிக்கே தகுதி பெற அதற்கு முன் இன்னொரு போட்டி இருக்கிறது. அதற்குப் போய்வரும் செலவை யோசித்தால் சிறிய நாடுகள் பின்வாங்குவதில் வியப்பில்லை. டிசம்பர் நடுவில் தேறும் அணிக்கு ஒலிம்பிக்குக்கு முன் ஏழு வாரம்தான் கையில் இருக்கிறது. ஒரே ஒரு சாம்பியன்ஷிப்பை வைத்து முடிவு செய்த 2021-ஆம் ஆண்டு முறையைவிட, இரண்டு ஆண்டுப் புள்ளிகளைக் கூட்டும் இப்போதைய முறை நியாயமானது என்பதே என் கணக்கு. ஆனால் புள்ளிக் கணக்கு எவ்வளவு நியாயமாக இருந்தாலும், சாம்பியன்ஷிப் முடிந்த பிறகு பல மாதங்களில் ஓர் அணி எவ்வளவு மாறியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. மார்ச்சில் சொதப்பியவர்கள் டிசம்பரில் அசத்தலாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தக் கடைசி வாசல்.

லீவார்டன் போட்டியை உலகமே சரியாகப் பார்க்கவில்லை என்பதற்கு இன்னொரு வேடிக்கையான காரணமும் உண்டு. பனித்தளத்தில் பதித்திருந்த விளம்பரம் ஒன்று குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கத் தக்கதல்லாத பொருட்களை விற்கும் நிறுவனத்துடையது. அதனால் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஒளிபரப்பு நிறுவனங்கள் சங்கடப்பட்டு ஒளிபரப்பை நிறுத்திக்கொண்டன. பின்னாளில் வெள்ளி வென்ற ஜப்பான் அணியின் தகுதி ஆட்டங்கள் அவர்கள் நாட்டு ரசிகர்களுக்கே முழுமையாகக் கிடைக்கவில்லை. இதை நமது சாக்காக வைத்துக்கொள்ள வேண்டாம்; நம்மிடம் அந்த விளம்பரம்கூட இல்லை.

இந்தியா இதுவரை ஒலிம்பிக் கர்லிங்கில் ஆடியதில்லை, பிறகு நமக்கு எதற்கு இந்தச் செய்தி என்று ஆசிரியர் குழுவில் யாராவது கேட்கக்கூடும். 2025 பிப்ரவரியில் சீனாவின் ஹார்பின் நகரில் நடந்த ஆசியக் குளிர்கால விளையாட்டுகளில் ஆடவர் கர்லிங் தங்கத்தை வென்றது பிலிப்பைன்ஸ். இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவைத் தோற்கடித்தார்கள். பனியே விழாத நாடு அது. அந்த அணியின் வீரர்கள் ஸ்விட்சர்லாந்தில் வளர்ந்த பிலிப்பினோ வம்சாவளியினர் என்பது உண்மைதான். அதனால் வெற்றி சிறிதாகிவிடாது. கனடாவின் கிளப்புகளில் கல் விட்டுக்கொண்டிருக்கும் நம் பேரக்குழந்தைகளை நினைத்தும் இதைச் சொல்கிறேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.

தங்களிடம் என் வேண்டுகோள் சிறியது. கோர்டினாவில் ஆடப் போகும் அணிகளின் அட்டவணையை வெளியிடும்போது, ஒவ்வொரு நாட்டின் பெயருக்கு எதிரிலும் அது எந்த வழியில் வந்தது என்ற ஒரு சொல்லைச் சேருங்கள்: 'போட்டி நடத்தும் நாடு', 'புள்ளி', 'கெலோனா' என்ற மூன்றில் ஒன்று. தலைப்பில் 'கர்லிங்' என்றே போடுங்கள். தமிழ் வாசகர்கள் கிரிக்கெட்டை எப்படி ஏற்றுக்கொண்டார்களோ அப்படியே இதையும் ஏற்றுக்கொள்வார்கள். இன்னொரு தகவல்: தொடக்க விழா பிப்ரவரி 6 அன்றுதான் என்றாலும், கர்லிங் கலப்பு இரட்டையர் ஆட்டங்கள் அதற்கு இரண்டு நாள் முன்பு, பிப்ரவரி 4 அன்றே தொடங்கிவிடுகின்றன. தொடக்க விழாவுக்கு மறுநாளிலிருந்து செய்தி போடலாம் என்று இருந்துவிட்டால், கெலோனாவில் தேறிய ஸ்வீடனும் தென் கொரியாவும் அதற்குள் சில ஆட்டங்களை ஆடி முடித்திருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்,
மன்னார்குடி.